சலூன் மீன்களுக்கு ஒரு சம்ப்

சுண்டுவின் அம்மா ஒரு சலூன் நடத்தினாள். மாடியில் ஒரே அறை. இரண்டு பெரிய கண்ணாடிகள், இரண்டு சுழல் நாற்காலிகள், தலை கழுவ ஒரு தொட்டி, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீளமான பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே, கதவு வைத்த மேஜைமேல் ஒரு மீன்தொட்டி.

அது உப்புத்தண்ணீர்த் தொட்டி. வேறு ஊருக்குக் குடிபோன ஒரு வாடிக்கையாளர், "இதை நான் எங்கே தூக்கிட்டுப் போறது? நீங்களே வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. தொட்டியோடு ஒரு அட்டைப்பெட்டி நிறையக் குழாய்களும் ஒரு சின்ன மோட்டாரும் வந்தன.

தொட்டிக்குள் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. ஆரஞ்சு நிற உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. பெரியது ஒவ்வொரு மூலைக்கும் போய், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரும். அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தாள் சுண்டு. சின்னது ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இடத்தை விட்டு நகராமல் நிற்கும். அது 'கேஷியர்'.

முடி வெட்டுவது என்றாலே ஊரைக் கூட்டுகிற குழந்தைகள்கூட மேனேஜரைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மேனேஜர் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் அம்மா பாதித் தலையை முடித்துவிடுவாள்.

ஆனால் சலூனில் மீன்தொட்டி வைப்பதில் ஒரு தொல்லை இருந்தது. வெட்டுகிற முடி எந்தப் பக்கம் பறந்தாலும் கடைசியில் தண்ணீர்மேல் வந்து உட்கார்ந்தது. பவுடர், எண்ணெய், தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் அதோடு சேர்ந்தன. ஆறிய பாலில் ஆடை படிவதுபோலத் தண்ணீரின்மேல் ஒரு படலம் படிந்தது.

மூடி போட்டுப் பார்த்தார்கள். விளக்குச் சூட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. மூடியை எடுத்துவிட்டார்கள்.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுண்டு செய்தித்தாளைத் தண்ணீர்மேல் விரித்து எடுப்பாள். படலம் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மறுநாள் மதியத்துக்குள் பழையபடி படிந்துவிடும்.

இந்த வாரம் மேனேஜர் சுற்றுக்குப் போகவே இல்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அதுக்கு மூச்சு முட்டுதுடி" என்றாள் அம்மா. "மேல ஆடை படிஞ்சா காத்து எப்படி உள்ள போகும்? ஞாயித்துக்கிழமை மீன் கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அவர் எடுத்துட்டுப் போகட்டும்."

"குடுத்துடப் போறியாம்மா?"

"வச்சுக்கிட்டு சாகடிக்கறதுக்குக் குடுத்துடறது மேல்."

சுண்டு செய்தித்தாளை எடுத்து இன்னொரு முறை தண்ணீர்மேல் விரித்தாள்.

மறுநாள் அவள் மீன் கடைக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அதன் ஒரு மூலையில் பல் பல்லாக வெட்டிய ஒரு தடுப்பு. மேல் தண்ணீர் அந்தப் பற்களுக்கு நடுவே வழிந்து, தொட்டியின் அடியில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே இன்னொரு தொட்டிக்குள் விழுந்தது. அங்கே பஞ்சில் வடிகட்டி, ஒரு மோட்டார் அதை மறுபடியும் மேலே ஏற்றியது.

"நம்ம வீட்டுல தரைக்கு அடியில தண்ணி சேர்த்து வைக்கற சம்ப் மாதிரி இருக்கே" என்றாள் சுண்டு.

"சம்ப்தான். மேல அழுக்கு நிக்காம வழிஞ்சு போயிட்டே இருக்கும்" என்றார் கடைக்காரர். "ஆனா உங்க தொட்டியில ஓட்டை இல்லையேம்மா. மீனையும் தண்ணியையும் வச்சுக்கிட்டு ஓட்டை போட முடியாது."

வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சுண்டுவுக்கு அதே யோசனை. ஓட்டை இல்லாமல் தண்ணீர் வெளியே வருமா?

வரும். வாரம் ஒருமுறை அவளே வரவழைக்கிறாளே. தண்ணீர் மாற்றும்போது ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாளியில் வைத்தால், தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஏறிக் குதித்துத் தானாக வருகிறதே.

அவள் நேராக அண்ணனிடம் போனாள். அண்ணன் பத்தாம் வகுப்பு. வீட்டில் அவனுக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். எது கிடைத்தாலும் கழற்றுவான். திரும்ப மாட்டிவிடவும் செய்வான். ஒரு திருகு மட்டும் மிச்சம் இருக்கும்.

"ரப்பர் குழாய்ல வந்தா தொட்டியே காலியாயிடும்" என்றான் அண்ணன்.

"தொட்டிக்குள்ள ஒரு டப்பாவை மாட்டுவோம். அதோட வாய் தண்ணி மட்டத்துல இருக்கட்டும். மேல் தண்ணி மட்டும்தான் டப்பாக்குள்ள வழியும். குழாய் அந்த டப்பாவுல இருந்துதான் எடுக்கும்."

அண்ணன் யோசித்தான். "டப்பா காலியாயிட்டா? குழாய்க்குள்ள காத்து புகுந்துடும். ஓட்டம் நின்னுடும்."

"ஆமா" என்று சுண்டு முகத்தைச் சுருக்கினாள்.

"இரு, இரு" என்றான் அண்ணன். அவனுக்குக் கை பரபரத்தது. "வெளிப்பக்கமும் ஒரு டப்பா மாட்டிட்டா? ரெண்டு டப்பாவுலயும் தண்ணி ஒரே உயரத்துல நிக்கும். குழாயோட ரெண்டு காலும் எப்பவும் தண்ணிக்குள்ளயே இருக்கும். வெளி டப்பா நிறைஞ்சு வழியறது மட்டும்தான் கீழே போகும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மாவிடம் ஓடினார்கள்.

"மீனுக்கு சம்பா?" என்றாள் அம்மா. கத்தரிக்கோலை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். "சரி. ஞாயிறு வரைக்கும் செஞ்சு பாருங்க. ஆனா தரையில ஒரு சொட்டு விழக்கூடாது. கீழ சட்டக்காரர் இருக்கார்."

கீழே படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை. 'இங்கே எல்லாவிதச் சட்டங்களும் செய்து தரப்படும்' என்று வாசலில் பலகை தொங்கியது. பலகையைப் பார்த்துவிட்டு ஒருவர் வீட்டுத் தகராறைத் தீர்த்துவைக்கச் சொல்லி அவரிடம் வந்து நின்றாராம். அதிலிருந்து அந்தத் தெருவே அவரைச் சட்டக்காரர் என்றுதான் கூப்பிட்டது. பெயருக்கு ஏற்றாற்போல ஆளும் கறார். யாராவது படியில் தடதடவென்று இறங்கினால், கடைக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போகும்.

வேலை தொடங்கியது. இரண்டு பிஸ்கட் டப்பாக்களைக் கழுவி எடுத்தார்கள். அவற்றைத் தொட்டியின் கண்ணாடிச் சுவரின்மேல், குதிரைக்குச் சேணம் போடுவதுபோல, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக மாட்டினார்கள். பிளாஸ்டிக் குழாயை வெட்டி, வளைவில் 'முழங்கை' இணைப்பு வைத்து ஒட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டான் அண்ணன்.

"மேனேஜர் டப்பாக்குள்ள வந்துட்டார்னா?" என்று கேட்டாள் சுண்டு.

"வர மாட்டார்."

"அவர் எல்லா இடத்தையும் போய்ப் பார்க்கறவர். கண்டிப்பா வருவார்."

மீன் கடையில் பார்த்த பல் வைத்த தடுப்பு அவளுக்கு நினைவுக்கு வந்தது. சலூன் அலமாரியில் தேடினாள். அம்மாவிடம் கேட்டு ஒரு புதுச் சீப்பை எடுத்து, உள் டப்பாவின் விளிம்பில் பற்கள் மேலே தெரியும்படி ஒட்டினாள். முடியும் படலமும் பல்லிடுக்கில் நுழையும். மேனேஜரால் நுழைய முடியாது.

துண்டுகள் போட்டு வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டிதான் சம்ப். அதை மேஜைக்கு அடியில் வைத்து, வெளி டப்பாவில் வழிகிற தண்ணீர் அதில் விழும்படி ஒரு குழாய் விட்டார்கள். ஒரு பக்கம் வடிகட்டப் பஞ்சு, மறுபக்கம் மோட்டார். மோட்டாரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே தொட்டிக்கு ஏறியது. சுண்டு வாளியில் கடல் உப்பைக் கரைத்து, மிதவையைப் போட்டு உப்பின் அளவு சரியா என்று பார்த்துப் பார்த்துக் கலக்கினாள்.

சலூனின் விடுமுறை நாளன்று எல்லாம் தயார். பாலத்துக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் தண்ணீர் ஓடத் தொடங்கும். அண்ணன் ஒரு மெல்லிய குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான். காற்று வந்தது, வந்தது, திடீரென்று தண்ணீர் வந்தது. அவன் முகம் கோணியது.

"கடல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சுண்டு.

"உப்பா இருக்கு" என்று துப்பினான் அண்ணன்.

மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் மேலே ஏறியது. தொட்டியின் மட்டம் மெல்ல உயர்ந்து சீப்பைத் தொட்டது. தண்ணீர்மேல் கிடந்த படலம் முழுதும், யாரோ போர்வையைப் பிடித்து இழுப்பதுபோல, சீப்பின் பக்கம் நகர்ந்து உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் ஒரு முடிகூட இல்லை.

"சத்தம் வராம இருக்கட்டும்" என்று அண்ணன் ரப்பர் குழாயின் முனையைத் தொட்டியின் அடி வரைக்கும் ஆழமாக விட்டான். பிறகு மிச்சமிருந்த உப்புத்தண்ணீரையும் சம்ப்பில் ஊற்றினான். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை நிறைந்துவிட்டது.

"இவ்வளவு எதுக்குண்ணா?"

"தண்ணி அதிகமா இருந்தா மீனுக்கு நல்லது."

"கரண்ட் போனா என்ன ஆகும்?"

"மோட்டார் நின்னுடும். மோட்டார் நின்னா தண்ணியும் நின்னுடும். அவ்வளவுதான்."

"ஒரு தடவை நிறுத்திப் பார்ப்போமா?"

"இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு. நின்னுபோச்சுன்னா மறுபடியும் நான்தான் உப்புத்தண்ணி குடிக்கணும். போடி."

சுண்டு சிரித்துவிட்டாள். சிரித்தாலும், மனதுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மேஜைக் கதவைச் சாத்துவதற்குமுன் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். பிறகு சாத்திவிட்டாள்.

மறுநாளே மேனேஜர் பழையபடி சுற்றுக்குக் கிளம்பிவிட்டது. முதலில் சீப்பைத்தான் போய்ப் பார்த்தது. ஒவ்வொரு பல்லாக மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோலத் திரும்பிப் போனது.

அதற்கு அடுத்த நாள் மாலை கரண்ட் போனது.

அம்மா அப்போது ஒரு சின்னப் பையனுக்கு மிஷின் வைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தாள். பையனின் ஒரு பக்கத் தலை முடிந்திருந்தது. மிஷின் நின்றது. மின்விசிறி நின்றது. அறை முழுக்க அமைதியானது. அந்த அமைதியில், சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

சுண்டு பாய்ந்து போய் மேஜைக் கதவைத் திறந்தாள். சம்ப் நிறைந்து, விளிம்பு தாண்டித் தரையில் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா, மெயின் சுவிட்சை அணைச்சுடு" என்றாள். "தரையெல்லாம் தண்ணி. கரண்ட் வந்துடப் போகுது."

அம்மா இரண்டே எட்டில் போய் அணைத்தாள். அண்ணன் கையில் கிடைத்த துண்டுகளையெல்லாம் தரையில் போட்டான். தண்ணீர் நிற்கவில்லை.

மோட்டார்தான் ஓடவில்லையே, பின்னே எங்கிருந்து வருகிறது? சுண்டு மேலே பார்த்தாள். டப்பாவில் தண்ணீர் வழிவது நின்றுபோயிருந்தது. தொட்டியின் மட்டம் சீப்புக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. இன்னும் இறங்கியது. மேலே ஏற்றுகிற ரப்பர் குழாயைப் பார்த்தாள். அதற்குள் ஒரு காற்றுக் குமிழி கீழ்நோக்கி விரைந்து போனது.

அவள் குழாயைப் பிடித்துத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கினாள். 'களக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் நின்றது.

"அப்பாடா" என்றான் அண்ணன்.

சுண்டு அவனைப் பார்க்கவில்லை. தரையில் தண்ணீர் போன வழியைப் பார்த்தாள். அது சுவர் ஓரமாகவே போய், தலை கழுவும் தொட்டியின் குழாய் தரைக்குள் இறங்குகிற இடத்தில் மறைந்திருந்தது. அந்த இடத்துக்குக் கீழே சட்டக்காரரின் கடை. இங்கே தரை ஈரமானால் துடைத்துக்கொள்ளலாம். அங்கே இருப்பதெல்லாம் காகிதம்.

அவள் படியில் தடதடவென்று இறங்கினாள்.

கடைக்குள் இருட்டாக இருந்ததால் சட்டக்காரர் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "படியில மெதுவா வரத் தெரியாதா?" என்று ஆரம்பித்தார்.

"மாமா, எங்க தொட்டித் தண்ணி உங்க கடைக்குள்ள சொட்டப் போகுது. பின்னாடி மூலையில. முதல்ல படத்தையெல்லாம் எடுத்துடலாம், வாங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். சட்டென்று எழுந்து உள்ளே போனார். மூலை மேஜைமேல் ஒரு பள்ளிக்கூட வகுப்புப் படம், ஒரு பழைய வரைபடம், பெரிய குடும்பப் படம் ஒன்று. இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் தூக்கி முன்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். குடும்பப் படத்தை இருவரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கும்போது முதல் சொட்டு விழுந்தது. படத்தைச் சுற்றி வைத்திருந்த வெள்ளை அட்டையில் விழுந்தது. அடுத்த சொட்டு விழுவதற்குள் படம் அந்த இடத்தை விட்டுப் போயிருந்தது.

சுண்டு ஒரு வாளியைத் தேடி எடுத்து மூலையில் வைத்தாள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றது.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் சட்டக்காரர்.

"நானும் அண்ணனும் மாமா. மீனுக்கு சம்ப் கட்டினோம்."

"சம்ப்னா தரைக்குக் கீழ கட்டுவாங்க. என் தலைக்கு மேலயா கட்டுவாங்க?"

சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் அம்மாவும் இறங்கி வந்துவிட்டாள். "மன்னிச்சுடுங்கண்ணா" என்றாள்.

சட்டக்காரர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை மறுபடி வெட்டணும். அது போகட்டும். இது இன்னொருத்தர் வீட்டுப் படம்மா. நனைஞ்சிருந்தா நான் எங்க போய் வாங்கிக் கொடுப்பேன்? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சும்மா இருக்க மாட்டேன்."

"இன்னொரு தடவை ஆகாது" என்றாள் அம்மா. "நாளைக்கே தொட்டியைக் கொடுத்துடறோம்."

மேலே போனபோது அந்தப் பையன் பாதித் தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "மேனேஜருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

"ஒண்ணும் ஆகலை" என்றாள் சுண்டு. அம்மா கத்தரிக்கோலாலேயே அவனுக்கு மறுபக்கத்தையும் வெட்டி அனுப்பினாள்.

அண்ணன் துண்டுகளைப் பிழிந்துகொண்டிருந்தான். "நீ சொன்னப்பவே நிறுத்திப் பார்த்திருக்கணும்" என்றான் சுண்டுவிடம். "அம்மா, சம்ப்பை நிரப்பினதும் நான்தான். குழாயை ஆழமா விட்டதும் நான்தான். சுண்டு கேட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அம்மா அவன் கையிலிருந்து ஒரு துண்டை வாங்கிப் பிழிந்தாள்.

சுண்டு தொட்டியின் முன்னால் உட்கார்ந்து ரப்பர் குழாயைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "நான் இதைத் தூக்கினதும் தண்ணி நின்னுடுச்சு" என்றாள். "அப்போ இது வழியாத்தான் கீழ வந்திருக்கு."

"அது மேல ஏத்துற குழாய் ஆச்சே."

"மோட்டார் தள்ளறப்ப மேல ஏத்தும். தள்ளலைன்னா, நாம வாளிக்குத் தண்ணி எடுக்கற குழாய் மாதிரிதானே இதுவும்? ஏறின வழியிலேயே இறங்கியிருக்கு."

அண்ணன் பிழிவதை நிறுத்தினான். "காத்து புகுந்தாத்தான் நிக்கும். ஒவ்வொரு தடவையும் நாம வந்து தூக்கிட்டா இருக்க முடியும்?"

"தூக்க வேண்டாம். தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, குழாய்ல சின்னதா ஒரு ஓட்டை போடுவோம். தண்ணி ஒரு விரல் அளவு இறங்கினதும் ஓட்டை வெளியில தெரியும். காத்து தானா உள்ள போகும். நின்னுடும்."

அண்ணன் அவளையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ ஏன் எனக்குத் தங்கச்சியாப் பிறந்தே? மாத்திப் பிறந்திருக்கலாம்" என்றான்.

அவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"என்னைப் பார்க்காதீங்க. கீழ போய்க் கேளுங்க. அவர் சரின்னா எனக்கும் சரி."

இந்த முறை சுண்டு படியில் மெதுவாக இறங்கினாள். கையில் குழாய் இருந்தது. கரண்ட் வந்திருந்தது. சட்டக்காரர் புது அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஏன் தண்ணீர் வந்தது, எப்படி நிறுத்தப் போகிறோம் என்பதையெல்லாம் சொன்னாள். குழாயைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். அவர் நிமிரவில்லை. ஆனால் பென்சில் நின்றுவிட்டது.

"மறுபடி கரண்ட் போனா?"

"போறதுக்கு முன்னாடி நாங்களே நிறுத்திப் பார்ப்போம் மாமா. சம்ப்ல முதல்ல பாதிதான் ஊத்துவோம். மேல இருந்து வர்றதெல்லாம் வந்து முடிஞ்சாலும் வழியாத அளவு எதுன்னு பார்த்துக் கோடு போட்டுடுவோம். அதுக்கு மேல ஊத்தவே மாட்டோம். நீங்க வந்து பாருங்க. நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

சட்டக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓட்டையை எதால போடுவீங்க?"

"ஆணியைச் சூடு பண்ணி அண்ணன்..."

"கொண்டா இங்க. கோணல்மாணலா ஒரு ஓட்டை போட்டு, அதுவும் என் தலையில வந்து விடியும்."

சட்டத்தில் கொக்கி மாட்ட வைத்திருந்த மெல்லிய துளைப்பானை எடுத்தார். சுண்டு விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சின்னதாக, வட்டமாக ஒரு ஓட்டை போட்டார். ஊதிப் பார்த்தார். பிறகு கடையை இழுத்துச் சாத்திவிட்டு அவளோடு மாடிக்கு வந்தார்.

குழாயின் ஓட்டை தண்ணீருக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி அண்ணன் கட்டினான். சம்ப்பில் பாதிக்குமேல் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடியது. தண்ணீர் சீப்பின் வழியாக வழிந்தது.

"நீங்களே நிறுத்துங்க மாமா" என்றாள் சுண்டு.

"நானா?"

"நீங்கதான் பார்க்கணும்."

சட்டக்காரர் சுவிட்சை அணைத்தார். பிறகு வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சம்ப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். சுண்டு ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். அம்மா பின்னால் நின்றாள்.

சம்ப்பில் தண்ணீர் ஏறியது. இன்னும் ஏறியது. அண்ணன் ஒரு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மேலே குழாயில் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நின்னுடுச்சா?" என்றாள் அம்மா.

"பேசாதீங்க" என்றார் சட்டக்காரர். கண்ணைச் சம்ப்பிலிருந்து எடுக்கவில்லை. மேனேஜர் மட்டும் மேலே ஒரு சுற்றுப் போய்வந்தது.

தண்ணீர் விளிம்புக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது.

"ம்" என்றார் சட்டக்காரர்.

அவர் சொல்லி மறுபடி போட்டார்கள். பாலத்தில் தண்ணீர் நிறைந்தே இருந்ததால், யாரும் உறிஞ்சாமலே ஓட்டம் தானாகத் தொடங்கியது. அதில் மிகவும் மகிழ்ந்தவன் அண்ணன்தான். மறுபடி நிறுத்தினார்கள். மறுபடி நின்றது. சுண்டு அம்மாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, மோட்டார் ஓடும்போது தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சம்ப்பின் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டாள்.

சட்டக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரால் பொறுக்க முடியவில்லை. "இது கோடா? பாம்பு நெளியறாப்போல இருக்கு" என்றார். பஞ்சில் நகப்பூச்சு அழிக்கிற மருந்தைத் தொட்டு அதை அழித்தார். சட்டைப் பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்து வைத்து, அதே இடத்தில் நேராக ஒரு கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்காரர் வந்தார். தொட்டியை மேலும் கீழும் பார்த்தார். "சீப்பா?" என்று கேட்டார். "சீப்புதான்" என்றாள் சுண்டு. அவர் சிரித்துக்கொண்டே, மீன் எடுக்கக் கொண்டுவந்த பைகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்ததற்கு முடி வெட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு நாள் மாலை கரண்ட் போனது. சுண்டு மேஜைக் கதவைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் ஏறியது, 'ஸ்ஸ்ஸ்' என்றது, நின்றது. தரை காய்ந்தே கிடந்தது. அவள் சட்டக்காரரிடம் சொல்வதற்காகக் கீழே இறங்கினாள்.

முக்காலி கடைக்கு வெளியே இல்லை. சட்டக்காரர் இருட்டில், கடையின் பின் மூலையில், முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் மேலே பார்த்தபடி இருந்தது.

"சொட்டலை மாமா."

"தெரியும். கரண்ட் போனதுல இருந்து அண்ணாந்தபடிதான் உட்கார்ந்திருக்கேன். கழுத்துதான் வலிக்குது."

"மேல வந்து பாருங்களேன். அங்க குனிஞ்சு பார்த்தாப் போதும்."

சட்டக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எழுந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே, அவளுக்கு முன்னால் படியேறினார்.